தனிவீட்டு மனையில் நான்கு வீடு: கலிஃபோர்னியாவின் எஸ்.பி. 9 பற்றி வாசகர் கேள்விகள்

பக்கத்து வீட்டுக்காரர் மனையைப் பிரித்துப் பின்னால் இரண்டு வீடு கட்டப் போகிறார். தெருவே எதிர்க்கிறது. சிட்டி கவுன்சிலில் போய்ப் பேசினால் நிற்குமா?

நிற்காது. அதற்கென்று ஒரு கூட்டமே நடக்காது. எஸ்.பி. 9 என்பது தனிவீட்டு மனையை இரண்டாகப் பிரித்து, துண்டுக்கு இரண்டு வீடு கட்ட வழிவிடும் மாநிலச் சட்டம். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டப்படி, விண்ணப்பம் எழுதிவைத்த விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று அலுவலர் சரிபார்த்து அனுமதி தர வேண்டும். பொது விசாரணையும் கிடையாது, சுற்றுச்சூழல் ஆய்வும் கிடையாது. பின்னால் வந்த எஸ்.பி. 450, 2025 முதல் இதை இன்னும் இறுக்கியது: முழுமையான விண்ணப்பம் கிடைத்து 60 நாளில் சிட்டி பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. விதிக்குப் பொருந்தும் விண்ணப்பத்தை மறுக்க வேண்டுமானால், பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பிட்ட கேடு வரும் என்றும், அதைச் சரிசெய்ய வழியில்லை என்றும் ஆதாரத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். தெருவின் அழகு கெடும் என்பது அதில் சேராது.

விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் விடவேண்டிய 4 அடியை வேலியிலிருந்து அளந்திருக்கிறார்களா, சர்வேயர் போட்ட எல்லைக்கோட்டிலிருந்தா? பழைய வேலிகள் பல, எல்லைக்கோட்டில் இருப்பதில்லை. ஏதாவது வீட்டை இடிப்பதானால், அதில் கடந்த மூன்று ஆண்டுக்குள் வாடகைக்கு யாராவது இருந்தார்களா? அதே உரிமையாளர் ஒட்டியுள்ள மனையையும் இதே சட்டத்தில் பிரித்தவரா? இவற்றில் ஒன்று தவறினாலும் விண்ணப்பம் விழும். அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்; நூறு பேர் கையெழுத்தைவிட இதற்கு வலு அதிகம்.

என் மனை 50க்கு 120 அடி. இரண்டாகப் பிரிக்க முடியுமா?

காகிதத்தில் முடியும். இரண்டு துண்டில் எதுவும் 1,200 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மூல மனையில் 40 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. உங்களுடையது 6,000 சதுர அடி, ஆகவே சின்ன துண்டுக்கு 2,400 வேண்டும். பின்பக்கம் 50க்கு 48 அடி ஒதுக்கினால் சரியாக வரும். அதில் பக்கத்துக்கு 4 அடி விட்டால் அகலம் 42 அடி நிற்கும். தலா 800 சதுர அடியில் இரண்டு வீட்டை மாடியாகக் கட்ட அது போதும். அந்த 800 சதுர அடி வீடு இரண்டையும் கட்டவிடாமல் செய்யும் எந்த உள்ளூர் விதியும் செல்லாது.

சிக்கல் முன்வீட்டில்தான் வரும். அது தெருவிலிருந்து 20 அடி தள்ளி ஆரம்பித்து 50 அடி நீளம் இருந்தால் 70வது அடியில் முடியும். புதுக்கோடு 72வது அடியில். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கு எஸ்.பி. 9 இடைவெளி கேட்காது; ஆனால் கட்டட விதி கேட்கும். எல்லைக்கோட்டுக்கு 3 அடிக்குள் உள்ள சுவரில் ஜன்னலும் கதவும் வைக்கக் கூடாது. சுவரும் ஒரு மணி நேரம் தீயைத் தாங்குவதாக இருக்க வேண்டும். அதாவது சமையலறையிலிருந்து தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவை அடைத்துச் சுவர் எழுப்ப வேண்டிவரும். கோட்டைப் பின்னால் தள்ளவும் முடியாது, 40 சதவீதம் உடையும். கோட்டை வளைத்து வரைந்து சில மனைகளில் தப்பிக்கலாம்.

அடுத்தது வழி. வீட்டின் அகலம் 40 அடி என்றால் இருபுறமும் ஐந்தைந்து அடிதான், கார் போகாது. பெரிய ரயில், பஸ் நிலையத்துக்கு அரை மைலுக்குள் இருந்தால் சிட்டி கார் நிறுத்துமிடம் கேட்க முடியாது, நடைவழி போதும். ஆனால் தீயணைப்புத் துறை, வண்டி நிற்கும் இடத்திலிருந்து பின்வீட்டின் கடைசிச் சுவர்வரை 150 அடிக்குள் குழாய் எட்டுகிறதா என்று பார்க்கும். வரைபடக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன்பே இந்த ஒரு கேள்வியோடு அவர்களிடம் போய் வாருங்கள்.

வீட்டுக்கடன் இருக்கிறதா? முழு மனையும் வங்கிக்கு அடமானம். பின் துண்டை விற்க, அதை மட்டும் விடுவிக்கும் சம்மதம் எழுத்தில் வேண்டும். பிரித்துப் பதிந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

பிரித்துக் கட்டிவிட்டு உடனே வேறு ஊருக்குக் குடிபோகலாமா?

மனையைப் பிரித்தால், அனுமதி நாளிலிருந்து மூன்று ஆண்டு அங்குள்ள ஒரு வீட்டில் குடியிருக்கும் எண்ணம் உண்டு என்று பிரமாணம் கொடுக்க வேண்டும். பிரிக்காமல் ஒரே மனையில் இரண்டாவது வீடு கட்டுவதற்கு இந்த நிபந்தனை இல்லை.

எங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூடாது என்கிறது.

எஸ்.பி. 9 சிட்டியைத்தான் கட்டுப்படுத்துகிறது; எச்.ஓ.ஏ. பத்திரத்திலுள்ள தடையைப் பற்றி அது பேசவில்லை. ஏ.டி.யு. எனப்படும் துணைவீடு வேறு கதை: எச்.ஓ.ஏ. அதை மொத்தமாகத் தடுக்கக் கூடாது என்று 2019லேயே சட்டம் வந்துவிட்டது. தனியாக விற்கும் எண்ணம் இல்லையென்றால் பெரும்பாலோருக்கு நான் ஏ.டி.யு.வைத்தான் சொல்வேன். 750 சதுர அடிக்குள் கட்டினால் புது வீட்டால் கூடும் பொதுச் செலவுக்கென்று சிட்டி வாங்கும் தாக்கக் கட்டணமும் இல்லை.

நீதிமன்றம் எஸ்.பி. 9ஐ ரத்து செய்துவிட்டதாமே?

2024 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி நீதிமன்றம் ரெடோண்டோ பீச், கார்சன், டோரன்ஸ், விட்டியர், டெல் மார் ஆகிய ஐந்து சாசன நகரங்களின் வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. சொந்தச் சாசனம் உள்ள நகரத்தின் உள்விவகாரத்தில் மாநிலம் கை வைக்க, சொன்ன நோக்கத்துக்கும் சட்டத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். கட்டுப்படியாகும் வீடு என்று சொல்லிவிட்டு விலைக்கு வரம்பே வைக்கவில்லையே என்பது நீதிபதியின் வாதம். அது கீழ் நீதிமன்றத் தீர்ப்பு. வழக்காடியவர்களைத் தாண்டிக் கட்டுப்படுத்தாது. அதே ஆண்டு வந்த எஸ்.பி. 450, சாசன நகரங்களுக்கும் இது பொருந்தும் என்று திரும்பவும் எழுதிவைத்தது.

அப்படியானால் ஊர்க்காரர்களுக்குச் சொல்லே கிடையாதா?

உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உயரம், கூரைச் சாய்வு, பக்கத்து வீட்டைப் பார்க்கும் ஜன்னலின் இடம், மரம் என எல்லாவற்றையும் சிட்டி விதியாக்கலாம். அளந்து சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. "சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போக வேண்டும்" என்பது விதி அல்ல. "மாடி ஜன்னலின் அடிமட்டம் மாடித் தரையிலிருந்து 5 அடி" என்பது விதி. அந்த வரைவு கவுன்சிலுக்கு வரும் இரவில் பத்துப் பேர் போனால் போதும், ஊர் மாறும். அன்றைக்கு யாரும் வருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

முட்டி மோதிய ஊர்கள் தோற்றிருக்கின்றன. உட்சைட் 2022இல் ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் வாழிடம் என்று அறிவித்து எஸ்.பி. 9ஐ நிறுத்தியது, அட்டர்னி ஜெனரல் ராப் போன்டாவின் கடிதம் வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது.

எட்டு ஆண்டுக்கு ஒருமுறை சிட்டி எழுதும் வீட்டுவசதித் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 2023–2031 சுற்றில் சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவுக்கு மாநிலம் வைத்த பங்கு 4,41,176 வீடு. எந்தச் சாலையில் அடுக்குமாடி, எதில் தனிவீடு என்று பிரிப்பது ஊரின் கையில்தான் இருக்கிறது. திட்டம் மாநிலத்தின் ஒப்புதல் பெறாமல் கிடந்தால், ஒரு பங்கைக் குறைந்த வருமானக்காரருக்கு ஒதுக்கும் கட்டுநர் வரும்போது "மண்டல விதிக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

கட்டினால் பழைய வீட்டுக்கும் சொத்துவரி ஏறுமா?

ஏறாது. புதிதாகக் கட்டியதற்கு மட்டும் அன்றைய மதிப்பில் வரி. பழைய வீட்டின் மதிப்பு வழக்கம்போல் ஆண்டுக்கு 2 சதவீத உச்சவரம்புக்குள் நகரும்.