மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் மேல்மாடியில் குடியிருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது. ஏசி வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா?

பதில்: அந்த அனல் தளத்திலிருந்து இறங்குகிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரியில்தான் அதைக் கக்கும். புவி வெப்பமாக ஆக, இரவுகளும் சூடேறி வருகின்றன. கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தளம் ஆறுவதும் தாமதமாகிறது. வெயில் உள்ளே ஏறாமல் தடுப்பதுதான் வழி. அதற்கு மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்தால் போதும்; அதன் வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

500 சதுர அடிக்கு மூன்று கோட்டும் சேர்த்துச் சுமார் 15 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு, கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. நீறும்போது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி தாங்காது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாள் ஊறியதும் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ ஃபெவிகாலைக் கரைத்துச் சேர்க்கலாம்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான். பாசியைத் தேய்த்து எடுக்காமல், காய்ந்த தளத்தில் அப்படியே அடித்துவிடுவார்கள். காய்ந்த சிமென்ட் தண்ணீரை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு பிடிக்காமல் மாவாக உதிரும். மாலை வெயில் தணிந்ததும் தளத்தை நனைத்து, மெல்லிய கோட்டாக அடியுங்கள். அடுத்த கோட்டு மறுநாள். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் செதில் செதிலாகப் பெயரும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள்: கை நிறைய வெள்ளை ஒட்டினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒழுங்காகச் செய்தால் உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். ஆனால் கன்டெய்னர் லாரிப் புகையும் துறைமுகப் பக்கத்துத் தூசியும் படிந்து வெள்ளை மங்கினால் பலனும் மங்கும். மாதம் ஒருமுறை கழுவுங்கள். வடகிழக்குப் பருவமழை கரைத்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரியில் புதிதாக அடிக்க வேண்டும்.

கேள்வி: வியாசர்பாடியில் எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதற்கும் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனால் ஷீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. அதன் நார் தூசியாகப் பறந்து நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் மட்டும் அடியுங்கள். மேலே ஏறி நிற்காதீர்கள், பழைய ஷீட் சட்டென்று உடையும். ஏணியில் நின்றபடி நீளக் கம்பில் ரோலர் கட்டி அடிப்பது பாதுகாப்பு.

கேள்வி: மீஞ்சூரில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. கடல் மட்டம் உயர்வதாலா?

பதில்: முதல் காரணம் அதுவல்ல. பல பத்தாண்டுகளாக அளவுக்கு மேல் உறிஞ்சியதால் நிலத்தடி நன்னீரின் அழுத்தம் குறைந்து, கடல்நீர் உள்ளே புகுந்தது. உயரும் கடல் அந்தச் சுமையைக் கூட்டுகிறது. இன்னும் ஆழமாகப் போர் போட்டால் உப்பு குறையும் என்று நம்பிப் பணத்தை இறைக்காதீர்கள்; பெரும்பாலும் உப்பு கூடத்தான் செய்யும். மாடி மழைநீரை மணல், ஜல்லி வடிகட்டி வழியாகக் கிணற்றிலோ உறை கிணற்றிலோ இறக்குங்கள். சுண்ணாம்பு அடித்த மாடியென்றால் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் திறங்கள்.