சீட்டில் பல் '36' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மொத்தமே 32 பல்தானே, இது எது?

36 என்பது வரிசை எண் இல்லை. இரண்டு இலக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். வாயை நான்காகப் பிரித்தால் எந்தப் பகுதி என்பது முதல் இலக்கம்: உங்கள் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது அடுத்தது. ஆக 36 என்றால் இடது கீழ்த்தாடையில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப்பல். பால் பல்லுக்கு 5 முதல் 8 வரையிலான எண்ணில் தொடங்கும். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுவார்கள். அதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் டாக்டரும் இல்லை.

நீங்கள் உங்கள் பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அலட்சியமாக விடாதீர்கள்.

என் மகளுக்கு ஏழு வயதில் 46-இல் சொத்தை. "பால் பல்தானே, தானா விழுந்துடும், எதுக்குக் குடையணும்?" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பால் பல்லாக இருந்தால் எண் 8-இல் தொடங்கியிருக்கும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இந்தப் பல் ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும். அதனால்தான் நிறைய பேர் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். முழுதாக எழும்பும் வரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருக்கும், பிரஷ் மேலே படாமலே தாண்டிவிடும்.

வெளியே தெரிந்தது பல்லின் மேல்பள்ளத்தில் ஒரு பழுப்புக் கோடு மட்டும்தான். உள்ளே பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலைத் தாண்டி, அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்குக்குள் சொத்தை இறங்கியிருந்தது. நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழை இன்னும் எட்டவில்லை, அதனால் சுத்தம் செய்து அடைத்ததோடு போயிற்று. எட்டியிருந்தால் ஏழு வயதில் அதற்கு மேலான வைத்தியம். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன, குழி விழுந்தால் அது தானாக மூடாது.

அதற்காகப் பால் பல் சொத்தையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன.

அப்புறம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அன்று கேள்வியெல்லாம் கேட்டது நான். டாக்டர் பதில் சொன்னதெல்லாம் என் கணவரைப் பார்த்து. பற்கூழ் வரை போயிருக்கிறதா என்று நான் கேட்டதற்கும், "பயப்பட ஒண்ணுமில்லைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்றார். அடுத்த தடவை மகளை நான் தனியாகத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.