அடி திறந்த நீர்மூழ்கிக்குள் காற்று

கேள்வி: அடிப்பக்கம் திறந்த நீர்மூழ்கிகளும் இருக்கின்றனவாமே. ஆழம் போகும்போது கடல் உள்ளே ஏறிவிடாதா, ஐயா? (வாசகர், குருநகர்)

பதில்: ஏறும் தம்பி, ஆனால் முழுக்க நிரம்பாது. கண்ணாடிப் பேணி ஒன்றைக் கவிழ்த்துக் கிணற்று வாளிக்குள் அமுக்கிப் பாருங்கள். விளிம்போடு கொஞ்சத் தண்ணீர்தான் ஏறி நிற்கும். பௌதிக வகுப்பில் நான் மிகவும் விரும்பிச் செய்துகாட்டிய பரிசோதனை இது.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 600 லீற்றராக இருந்த காற்று 10 மீற்றரில் 300, 20 மீற்றரில் 200, 30 மீற்றரில் 150 லீற்றராகச் சுருங்கும். பெரிய மாற்றம் முதல் 10 மீற்றரிலேயே நடந்துவிடுகிறது! ஆகவே ஆழம் குறைந்த நம் பாக்குநீரிணையிலும் இதை அலட்சியம் செய்ய முடியாது.

காற்று சுருங்கினால் மிதப்பும் குறையும், கலம் இன்னும் வேகமாகத் தாழும். அதனால் சிலிண்டரிலிருந்து காற்றை விட்டுக்கொண்டே இறங்குவார்கள். ஏறும்போது விரியும் காற்று அடிவழியே குமிழிகளாக வெளியேறும். அப்போது உள்ளே இருப்பவர் மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரல் கிழியக்கூடும். மேலே மூச்சிழுத்துக்கொண்டு குதிக்கும் சங்கு குளிப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசித்தவருக்குத்தான்.