என் மகளுக்கு 10 வயது. பெங்களூரில் அவள் பள்ளியில் கைட்ஸில் சேர ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா, படிப்பு கெடுமா?

தாராளமாகச் சேருங்கள்.

நீங்கள் அம்மாவாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் அவருக்கு அரைமனசு, ஏற்கெனவே டியூஷன் இருக்கிறது, சனிக்கிழமையும் போய்விட்டால் எப்போது படிப்பாள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். "படிப்பு கெடுமா" என்பதைப் பார்த்ததும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1996இல் அல்சூரில் எங்கள் வீட்டில் அப்பா கேட்டதும் இதைத்தான்.

தமிழில் சாரணியர் என்பார்கள். இங்கே எல்லோருக்கும் கைட்ஸ்தான். நான் சின்னப் பெண் பிள்ளைகளுக்கான புல்புல் பிரிவில் இருந்து 10 வயதில் கைட் ஆனவள். கைட்ஸில் ஒவ்வொன்றாக ஏற வேண்டிய படிகள் பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான் எல்லாம் பள்ளி மைதானத்திலேயே முடிந்துவிட்டதால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படியான த்ருதீய சோபானுக்கு, பெங்களூருக்கு வெளியே தொட்டபல்லாப்பூரில் மூன்று ராத்திரி முகாம் என்று படிவம் வந்ததும்தான் பிரச்சினை. எனக்கு 14 வயது.

"வயசுக்கு வந்த பொண்ணு மூணு ராத்திரி டென்ட்ல படுக்கணுமா? படிப்பு என்ன ஆகுறது?" என்றார் அப்பா. அம்மா வாயே திறக்கவில்லை. ஆயாதான், எங்கள் பாட்டி, திண்ணையிலிருந்து, "ஆம்பூர்லேருந்து கைக்குழந்தையோட தனியா ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவ நான். கையெழுத்துப் போடுடா" என்றாள். அப்பா போட்டார். ஆனால் நான் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை.

முகாமில் ஆணி இல்லாமல் மூங்கில் கழியும் கயிறும் வைத்தே செருப்பு ஸ்டாண்டு, பாத்திர ஸ்டாண்டு கட்ட வேண்டும். குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சு போட்டு ஆரம்பித்து, குறுக்கும் நெடுக்கும் சுற்றி இறுக்குவது. முதல் நாள் நாங்கள் கட்டியது சரிந்து விழுந்தது. மறுநாள் கட்டியதில் தண்ணீர்க் குடம் நின்றது. பேட்ரோல் என்றால் சின்னக் குழு. எங்கள் பேட்ரோலுக்கு ஜாஸ்மின் என்று பெயர், ஏழு பேர், நான் லீடர்.

இரண்டாம் ராத்திரி மழை. டென்டைச் சுற்றி வெட்டிய வாய்க்கால் சரியாக இருக்கிறதா என்று டார்ச்சோடு பார்க்கப் போனேன். பக்கத்து டென்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் நனைந்துகொண்டு நின்றாள். 11 வயது இருக்கும், வேறு பள்ளி. "அக்கா, ரக்த பர்தா இதே" என்றாள், ரத்தம் வருகிறது என்று கன்னடத்தில். ஏதோ நோய் வந்துவிட்டது, காலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கினாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை.

என் பையில் ஆயா மடித்து வைத்த பழைய வேட்டித் துணி இருந்தது. அதைக் கொடுத்து, எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். பிறகு எங்களுக்குப் பொறுப்பாக வந்திருந்த கைட் கேப்டனை எழுப்பினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "நீயே கூட இரு, உன்கிட்டதான் தைரியமா இருக்கா" என்று எங்கள் டென்டிலேயே அவளைப் படுக்க வைத்தார். காலையில் அவள் முறைக்கு வந்த தண்ணீரை என் பேட்ரோல் பிள்ளைகள் தூக்கினார்கள். காரணம் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றோம். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கணக்கில் எனக்கு 71. அதற்கு முன் வருஷமும் எழுபதுக்குப் பக்கத்தில்தான். படிப்பு கெடவில்லை.

"பையன்கள் சமாச்சாரம் நம் பெண்ணுக்கு எதற்கு" என்று யாராவது வரலாம், அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய பையன்கள் பேரணிக்கு, கூப்பிடாமலே வந்து நின்று எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டவர்கள் பெண் பிள்ளைகள். அடுத்த வருஷமே கேர்ள் கைட்ஸ் தொடங்கியது, 1911இல் ஜபல்பூரில் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. சர்டிபிகேட்டுக்காகச் சேர்க்கிறார்கள் என்றும் சொல்வார்கள். ரயில்வே வேலையில் இதற்குத் தனிக் கோட்டா உண்டு, அதை நினைத்துச் சேர்ப்பதிலும் எனக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறாதது ஒன்று. த்ருதீய சோபானுக்கு அடுத்த படி ராஜ்ய புரஸ்கார், மாநில விருது. பத்தாவது பிள்ளைகளின் பெயரை அனுப்பமாட்டோம் என்று பள்ளி சொல்லிவிட்டது. அதே வருஷம் பத்தாவது பையன்கள் இருவர் கிரிக்கெட் ஆட மைசூருக்கு அனுப்பப்பட்டார்கள். கேப்டன் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. உங்கள் பள்ளியில் அப்படிச் செய்வார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சோபான்கள் முடியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், தள்ளிப் போடாதீர்கள்.

      

உங்கள் பள்ளியில் ஒத்துவரவில்லையென்றால் பள்ளியைச் சேராத ஓபன் குரூப்கள் இருக்கின்றன, பேலஸ் ரோட்டில் உள்ள மாநிலத் தலைமையகத்தில் விசாரியுங்கள். முகாம் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேப்டனை நேரில் பாருங்கள். ராத்திரி எத்தனை பெண் பொறுப்பாளர்கள் தங்குவார்கள், கழிப்பறை டென்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் கேப்டன் என்றால் அந்த முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

மகளுக்குப் பத்து வயதுதானே என்று விடாமல், மாதவிடாய் பற்றி முகாமுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பையில் நாப்கின் வைக்கும்போது இரண்டு கூடுதலாக வையுங்கள், பக்கத்து டென்டில் இருக்கும் பிள்ளைக்கு.