ஜெர்சி போட்டு எடுத்த படம் சேர்க்கைக் கடிதம் ஆகாது

டெக்சாஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து ஒரு தாயார் எனக்குக் கடிதத்தோடு ஒரு படம் அனுப்பியிருந்தார். மகன் பளபளக்கும் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு செயற்கைப் புகை நடுவே நிற்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பார்க்கப் போனபோது எடுத்தது. கோவையிலிருக்கும் பெரியப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டு, "இடம் கிடைத்துவிட்டது" என்று அறிவித்துவிட்டாராம். தந்தை வீட்டை அடமானம் வைக்கக் கணக்குப் போடுகிறார். தாயாருக்குத் தூக்கமில்லை.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதனால் ஆறுதல் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பார்க்க வரும் பிள்ளைகளுக்கு ஜெர்சி மாட்டிப் படம் எடுப்பது கல்லூரி அணிகளின் ஆள்சேர்ப்பில் ஒரு வழக்கம். பதினேழு வயதுப் பையன் தன்னைப் பார்த்தே மயங்கட்டும் என்று செய்வது அது. சீருடையால் பிள்ளைகளை இழுப்பதில் ஓரிகன் பல்கலைக்கழகம் முன்னோடி. அதன் பழைய மாணவர் பில் நைட் இணைந்து நிறுவிய நைக்கி ஆட்டத்துக்கு ஆட்டம் புது நிறச் சேர்க்கையில் சீருடை கொடுத்தது. தொலைதூரப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். சீருடை கண்ணை இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2011இல் மேரிலாந்து அணி மாநிலக் கொடியையே ஹெல்மெட்டில் பதித்து இறங்கி, அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. ஹெல்மெட்டில் வெறும் எண் மட்டும் போட்ட அலபாமா, 2009 முதல் 2020 வரை ஆறு முறை தேசியப் பட்டம் வென்றது.

எழுத்தில் உதவித்தொகை வந்ததா? இல்லை. அப்படியானால் உங்கள் மகன் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் இடம் தேட வேண்டிய 'வாக்-ஆன்'. 2025 முதல் பெரிய அணிகள் பலவற்றில் 105 பேருக்கு மேல் இடமில்லை. அந்த நெருக்கடி முதலில் இவர்களைத்தான் தொடுகிறது. ஓரிகன் போன்ற இடத்தில் வெளிமாநில மாணவருக்கு ஆண்டுச் செலவு 60,000 டாலரைத் தாண்டும். ஒரு படத்தை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: நோட்டு முழுக்க ஜெர்சி வரைகிறான், நண்பர்களின் ஹெல்மெட்டுகளைக் கழற்றிச் சரிசெய்து கொடுக்கிறான் என்று. நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு பெரிய அணிக்கும் ஓர் உபகரண அறை உண்டு. அங்கே மாணவர்களை உதவியாளர்களாகச் சேர்க்கிறார்கள். பல இடங்களில் சம்பளமோ கட்டண உதவியோ தருகிறார்கள். வேலை விடியலுக்கு முன்பே தொடங்கும். ஆட்டக்காரரின் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி நிற்கும்படி ஹெல்மெட்டைப் பொருத்த வேண்டும். உள்ளே காற்றுப் பை இருந்தால் சிறு பம்பால் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். ஹெல்மெட் பாதுகாப்புக்கான 'நாக்சே' தரமுத்திரை இருக்கிறதா, ஓட்டில் கீறல் விழுந்திருக்கிறதா, முகக்கம்பியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் புல்கறை படிந்த ஜெர்சிகள் மலைபோலக் குவியும்; ஹெல்மெட்டைத் துடைத்து, உரிந்த ஒட்டுப்படத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் குமிழி விழாமல் ஒட்ட வேண்டும். படத்தில் மின்னிய அந்த ஹெல்மெட் அப்படி மின்னியதுதான். இந்தத் தொழிலுக்கு ஏஇஎம்ஏ என்ற சங்கமும் சான்றிதழ்த் தேர்வும் இருக்கின்றன. தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 32 அணிகளுக்கும், ரிடெல் போன்ற ஹெல்மெட் நிறுவனங்களுக்கும் இந்தக் கைகள் தேவை.

டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலத்தவர் கட்டணத்தில் படித்துக்கொண்டே இதைச் செய்யலாம். விளையாட்டுத் துறையின் இணையதளத்தில் உபகரண மேலாளரின் முகவரி இருக்கும். சேருவதற்கு முந்தைய வசந்தத்திலேயே அவன் தானே எழுதட்டும். உதவி எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்கட்டும். நீங்களோ பெரியப்பாவோ எழுதித் தரக்கூடாது.

அடுத்த வாரம் அவனை மட்டும் என்னோடு பேசச் சொல்லுங்கள். அந்த நோட்டையும் கையில் வைத்திருக்கட்டும்.