சுகமில்லை எண்டு வெளிக்கிட்ட பெடியன்

அண்ணை, கொக்குவிலில இருந்து எழுதிறன். மாமா ரொறன்ரோவில இருக்கிறதால அங்கத்தைய கூடைப்பந்து ரீம் ராப்டர்ஸ் எங்கட வீட்டு ரீம் மாதிரி. அதில விளையாடின ஜொன்ரே போர்ட்டரை, பெட் விசயத்தில மாட்டுப்பட்டதுக்காக என்பிஏ (வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) 2024ல ஆயுளுக்கும் தடை செய்தது ஓவர் எண்டு நினைக்கிறன். அவன் மட்சைத் தோக்கடிக்கேல்லையே, நேரத்தோட வெளிய வந்தவன், அதுவும் கடன் நெருக்கடியில. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?

தம்பி, நானும் முதல்ல உம்மைப் போலத்தான் நினைச்சனான். அப்ப 24 வயசுப் பெடியன், கொலேஜிலயே முழங்கால் ரெண்டு தரம் போய், ரீமுகள் புதுப் பெடியளைத் தெரியிற ட்ராஃப்டில ஒருத்தரும் எடுக்காமல், ஒரு மாதிரி என்பிஏக்குள்ள வந்தவன். மொத்தம் 37 மட்ச். அவ்வளவுதான்.

ஆனா அந்த "தோக்கடிக்கேல்லையே"தான் எனக்கு இடிக்குது. வடக்கின் பெரும்போர் எண்ட யாழ்ப்பாணப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மட்சில மத்திய கல்லூரியோ சென் ஜோன்சோ எண்டு சோடாவுக்குப் பெட் கட்டின ஆக்கள் நாங்கள், வெண்டது ஆர் எண்டதோட முடிஞ்சுது. இப்ப அப்பிடியில்லை, ஒரு ஆள் எத்தனை பொயின்ட் எடுப்பான், எத்தனை ரீபவுண்ட் (கூடைக்குள்ள விழாமல் திரும்பிற பந்து) பிடிப்பான் எண்டதுக்கும் கட்டலாம், இந்த அளவுக்குக் கீழ எண்டு கட்டினா அவன் இறங்கிக் கொஞ்ச நேரத்திலயே பெஞ்சில போய்க் குந்தினாக் காசு. பெரிய ஸ்டாரை வாங்கத் தேவையில்லை, கடன்பட்ட பெஞ்ச் பெடியன் ஒருத்தன் காணும்.

போர்ட்டர் செய்ததும் இதுதான். 2024 ஜனவரி 26 கிளிப்பர்ஸ் ரீமோட, கண் நோகுது எண்டு நாலு நிமிசத்தில வெளிய. மார்ச் 20 சாக்ரமென்டோ ரீமோட, சுகமில்லை எண்டு மூண்டு நிமிசம். அதை முதலே பெட் கட்டுற ஆளுக்குச் சொல்லியாச்சு. மார்ச் மட்சுக்கு போர்ட்டரின்ர கூட்டாளி ஒருத்தன் 80,000 டொலர் கட்டினவன், காசு கைக்கு வந்திருந்தா 11 லட்சம் டொலர்! பேர் தெரியாத பெடியனுக்கு இவ்வளவு காசோ எண்டு பெட் கொம்பனிக்கே சந்தேகம் வந்து மறிச்சுப்போட்டுது.

கடன் கதை உண்மைதான், ஜூலையில புரூக்ளின் கோட்டில குற்றத்தை ஒத்துக்கொள்ளேக்கயும் அதைத்தான் சொன்னவன். சூதாட்டக் கடன், கழிக்க வழியில்லை, மட்சில இருந்து வெளிய வந்து கழி எண்டு நெருக்கியிருக்கினம். இரக்கமாத்தான் கிடக்கு. ஆனா இனி ஒருத்தன் உண்மையாவே நொண்டிக்கொண்டு வெளிய வந்தாலும் சனம் சிரிக்கும் பாரும், அதால தடை சரி எண்டுதான் நான் சொல்லுவன்.

இன்னொண்டு. வேற ஆளின்ர எக்கவுண்டில அவனும் என்பிஏ மட்சுகளுக்கு 13 தரமாவது பெட் கட்டினவன், மொத்தம் 54,094 டொலர். தான் விளையாடின மட்சுகள் இல்லைத்தான், ஆனா அதில மூண்டு தரம் ராப்டர்ஸ் தோக்கும் எண்டு கட்டியிருக்கிறான். அந்த மூண்டு பெட்டும் தோத்துப்போச்சு. மாமாவிட்ட இதைச் சொல்லிப்போட்டு, அவர் என்ன சொன்னவர் எண்டு எழுதும்.