வெள்ளியா, பாட்டா? – பயனீட்டாளர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கடல் வாடை அடிக்கும். பத்து ஃபெரிங்கிக் கடற்கரையை வாசலில் வைத்துக்கொண்டு பினாங்குக்காரர்கள் ஏன் பூக்கெட்டுக்கும் பாலிக்கும் ஓடுகிறார்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, நானும் ஓடியவன்தான். இந்த முறை, முதன்முதலாக வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்களின் கேள்விகள் மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: பாலிக்கு நான்கு நாள்தான் போகிறோம். என் கடப்பிதழ் இன்னும் நான்கு மாதம் செல்லும். போதும்தானே? (வாசகி, பிறை)

போதாது. இந்தோனேசியாவுக்குள் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். நம் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், டிக்கெட் காசும் போகும். இன்றைக்கே போய்ப் புதுப்பியுங்கள். அப்படியே ஆளுக்கு 150,000 ரூபியா எடுத்து வையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளிடம் அந்த வரியை வாங்குகிறார்கள்.

கே: முகநூலில் விளம்பரம் பார்த்தேன். தாய்லாந்தின் கிராபிக்கு 4 நாள் 3 இரவு, ஆளுக்கு 490 வெள்ளி (ரிங்கிட்), விமானம், ஹோட்டல், படகு எல்லாம் சேர்த்து. ஐந்து பேருக்கு 2,450 வெள்ளி புலனத்தில் (வாட்ஸ்அப்) கொடுத்த கணக்குக்கு அனுப்பினேன். இப்போது அந்த எண்ணே இல்லை. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. (வாசகி, பட்டர்வொர்த்)

அம்மா, முதலில் ஒன்று. இதில் உங்களுக்கு வெட்கம் தேவையில்லை, வெட்கப்பட வேண்டியவன் வேறொருவன். தொழிற்சாலையில் கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த காசு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடித் தடுப்பு மையம். உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால் உண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புலன உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். "இவ்வளவு சின்னத் தொகைக்கா?" என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல இடம்தான். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் எதிராளிக்குப் பெயரும் முகவரியும் வேண்டும். காற்றில் கரைந்தவன் மீது தீர்ப்பு வாங்கி என்ன செய்வது? உண்மையான நிறுவனம் ஒன்று சொன்னபடி நடக்காதபோதுதான் அது கைகொடுக்கும்.

மற்றவர்களுக்கு: 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி பயண முகவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும், வெளிநாட்டுப் பயணம் விற்க அதற்குரிய பிரிவிலும் அனுமதி வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அமைச்சின் இணையப் பக்கத்தில் நீங்களே பாருங்கள். அவன் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் ஒன்று, கணக்கில் இருப்பது தனியாள் பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தால் கடன் அட்டையில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடம் மறுப்புத் தெரிவிக்க ஒரு வழியாவது இருக்கும்.

கே: தாய்லாந்துக்கு வருகை அட்டை நிரப்ப இணையத்தில் தேடினேன். 40 டாலர் கேட்கிறது. (ஜெலுத்தோங்)

போலிப் பக்கம். 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம், ஆனால் இலவசம். தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில், போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள்.

கே: பூக்கெட்டுக்கு வேப் (மின்சிகரெட்) கொண்டுபோகலாமா? (கிள்ளான்)

கூடாது. அங்கே தடை. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. ஒரு வாரம் சும்மா இருக்க முடியாதா, தம்பி?

கே: முதல் வெளிநாட்டுப் பயணம், பூக்கெட். பணத்தை இங்கேயே மாற்றுவதா, அங்கே போய் அட்டையில் பார்த்துக்கொள்வதா? (காஜாங்)

இரண்டும். கைச்செலவுக்கு ஒரு பகுதியை ஊரிலேயே மாற்றிவிடுங்கள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கமும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலும் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு நான்காவதில் மாற்றலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். தாய்லாந்து ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டையைச் செருகினால் ஒவ்வொரு தடவையும் 220, 250 பாட் அளவில் கட்டணம். ஆயிரம் எடுத்தாலும் அதே, பத்தாயிரம் எடுத்தாலும் அதே. சின்னக் கடைகளில் நம் வங்கிச் செயலியிலேயே அவர்களுடைய பிராம்ப்ட்பே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யலாம். நம் நாட்டின் டூயிட்நவ் கட்டண முறை அதோடு இணைந்திருக்கிறது. உங்கள் வங்கி அதற்கு வசதி தருகிறதா என்று புறப்படும் முன் பாருங்கள்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல். அட்டையைத் தட்டியதும் இயந்திரத்தில் ஒரு கேள்வி வரும்: ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா, பாட்டிலா? ரிங்கிட் என்று பார்த்ததும் நமக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். எவ்வளவு என்று உடனே புரிகிறது, பக்கத்தில் "கட்டணம் இல்லை" என்று வேறு போட்டிருக்கும். அழுத்திவிடுவோம். அழுத்தியதும் என்ன நடக்கிறது? மாற்று விலையை உங்கள் வங்கியோ அட்டை நிறுவனமோ போடுவதில்லை. கடைக்காரருக்கு இயந்திரம் கொடுத்த நிறுவனம் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை வைக்கிறது. அந்த லாபத்தில் கடைக்கும் பங்கு போவதுண்டு. அதனால்தான் சில பணியாளர்கள் உங்களைக் கேட்காமலே ரிங்கிட்டை அழுத்திவிட்டு ரசீதை நீட்டுகிறார்கள். அப்படி நீட்டினால் ரத்துசெய்து மறுபடி பாட்டில் போடச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

எட்டு வருடத்துக்கு முன் பூக்கெட்டின் பாத்தோங் கடற்கரையில் சம்பந்தி வீட்டாரோடு நண்டு, இறால் என்று சாப்பிட்டோம். 4,200 பாட். பெருந்தன்மையாக நானே எடுத்தேன், ரிங்கிட்டை அழுத்தினேன். மறுநாள் அதே கடையில் என் மனைவி தன் அட்டையில் பாட்டில் கட்டினாள். ஊருக்கு வந்து இரண்டு கணக்கையும் வைத்துப் பார்த்தால், என்னுடையதில் முப்பது வெள்ளி கூட! முப்பது வெள்ளிக்குப் பினாங்கில் நாசி கண்டார் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அந்த முப்பதை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஏ.டி.எம்.மிலும் இதே வலை. "மாற்று விலையை ஏற்கவில்லை" என்ற பொத்தானை அழுத்தினால் பணமே வராதோ என்று பயந்து பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். வரும். தைரியமாக மறுத்துவிடுங்கள், உங்கள் வங்கியின் விலையில் பணம் வரும்.

கே: ஜூலையில் பூக்கெட் ஹோட்டல் பாதி விலை. வாங்கிப் போடலாமா? (செந்தூல்)

ஏன் பாதி விலை என்று யோசித்தீர்களா? மே முதல் அக்டோபர் வரை பூக்கெட் போன்ற அந்தமான் கடல் பக்கத்துக் கடற்கரைகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பரில் நம் கிழக்குக் கரையின் ரெடாங் தீவுக்கு நாம் யாராவது போகிறோமா? அதே கதைதான், மாதம் மட்டும் வேறு. மழையை ரசித்துக்கொண்டு படுத்திருக்க ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிக்கொடுங்கள். அதே ஜூலையில் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் உள்ள கோ சாமுய் தீவு பரவாயில்லை.

கே: கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்தேன். கடப்பிதழை அடமானமாகக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் "கீறல் விழுந்துவிட்டது" என்று 30,000 பாட் கேட்டார்கள். பேரம் பேசி 12,000 கொடுத்தேன். அடுத்த முறை எப்படிப் பேரம் பேசுவது? (கூலிம்)

பேரமா? ஐயா, கடப்பிதழைக் கடற்கரையில் முன்பின் தெரியாதவனிடம் கொடுத்தபோதே பேரம் முடிந்துவிட்டது. பழைய கீறலுக்குப் புதுப் பணம் கேட்பது அங்கே பல வருடமாக நடக்கும் வியாபாரம். அடுத்த முறை ஜெட் ஸ்கீயே வேண்டாம். அடங்காத ஆசை என்றால் ஏறும் முன் அடிப்பக்கம் உட்பட முழுவதையும் அவன் எதிரிலேயே வீடியோ எடுங்கள், பணம் மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். மிரட்டினால் சுற்றுலாக் காவல்துறை, எண் 1155. மோட்டார் சைக்கிள் வாடகையும் இப்படித்தான். உங்களிடம் கார் உரிமம் மட்டும் இருந்து, விழுந்து கால் ஒடிந்தால், பயணக் காப்புறுதியும் பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

கே: தேனிலவுக்கு மாலத்தீவு. அறை நாளுக்கு 250 டாலர் என்று போட்டிருக்கிறது. வேறு செலவு உண்டா? அம்மா ஒரு சின்ன முருகன் சிலையைப் பையில் வைக்கச் சொல்கிறார். (பிரிக்ஃபீல்ட்ஸ்)

சிலை வேண்டாம். வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுச் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. அம்மாவிடம் திருநீறு பூசிவிடச் சொல்லிக் கிளம்புங்கள்.

செலவு உண்டு, நிறையவே உண்டு. 250-க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 17 விழுக்காடு சுற்றுலா வரியும் தனி. சொகுசு விடுதியில் பசுமை வரி ஆளுக்கு நாளுக்கு 12 டாலர். இரண்டு பேர், நான்கு இரவு, 96 டாலர். தீவுக்குப் போகும் படகோ கடல்விமானமோ பல நேரம் அறை விலையில் சேராது. கடல்விமானம் பகலில் மட்டும் பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் முதல் இரவைத் தலைநகர் மாலே பக்கத்தில் சொந்தச் செலவில் கழிக்க வேண்டிவரும். "எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு?" என்று விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் கையில் வந்தபிறகு பணம் கட்டுங்கள்.

கே: எங்கள் விமானத்தை ரத்துசெய்துவிட்டு, பணத்துக்குப் பதில் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருகிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா? (ஆயர் ஈத்தாம்)

இல்லை. 2024 செப்டம்பர் 2 முதல், கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று நம் விதிமுறை சொல்கிறது. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தப் பொறுப்பு அவர்களிடம்தான்.

கே: கைப்பேசிக்கு நீர்புகாப் பை வாங்கலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

நான் இரவுச் சந்தையில் 9 வெள்ளி 90 காசுக்கு ஒன்று வாங்கினேன். வீட்டு வாளியில் காகிதத் துண்டை உள்ளே வைத்து அரை மணி நேரம் முக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, கைப்பேசியோடு நேரே கடலில் இறங்கினேன். தண்ணீர் உள்ளே போனது. போன தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.